கொம்பையா ஜெயிச்ச விவாதம்

ஒரு காட்டுல, அதுவும் மலை உச்சியில செல்போன் டவர் நட்டதுக்கு அப்புறம், கொம்பையான்னு ஒரு காட்டுப்பன்னி இருந்தான். நல்ல பருமன். அவன் வந்தா முதல்ல வாசனை வரும், அப்புறம் சத்தம் வரும், கடைசியாத்தான் ஆள் வருவான். மத்தபடி தங்கமான பிராணி. ஒரே ஒரு குறைதான். பொறந்ததுலேருந்து ஒரு விவாதத்துலகூட ஜெயிச்சதில்ல.

காட்டுல என்னய்யா விவாதம்னு கேப்பீங்க. சொல்றேன்.

அந்தக் காட்டுல வெள்ளியங்கிரின்னு ஒரு சிறுத்தை இருந்தாரு. பன்னிய 'அவன்'னுட்டு சிறுத்தைய மட்டும் 'அவரு'ங்கறியேன்னு கோவிச்சுக்காதீங்க. தின்னறவங்களுக்கு மரியாதை குடுத்துத்தான் பேசணும், அது எல்லாக் காட்டுலயும் வழக்கம். முன்னெல்லாம் அவருக்குப் பசிச்சா யாரையாவது அடிப்பாரு, தின்னுவாரு, மரத்து மேல ஏறித் தூங்குவாரு. யாரும் எதுவும் கேக்கறதில்ல. கேக்கக்கூடியவங்க ஏற்கெனவே உள்ள போயிருப்பாங்க.

இப்படி இருக்கையில தவசின்னு ஒரு கருமந்தி மலையடிவாரத்துக் காலேஜுக்குப் போயிட்டு வந்தான். போனது சாப்பாட்டுப் பொட்டலம் பொறுக்க. ஹால் ஜன்னல்ல உக்காந்து காத்துக்கிட்டிருந்தப்ப உள்ள நடந்த விவாதப் போட்டியெல்லாம் காதுல விழுந்துச்சு. பொட்டலம் கிடைக்கல, படிப்பு வந்துடுச்சு. எவனோ கழட்டிப் போட்ட டையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு மேல ஏறி வந்தவன், எல்லாரையும் ஆலமரத்தடிக்குக் கூப்பிட்டான்.

"பேச்சுவார்த்தை இல்லாம ஒருத்தர ஒருத்தர் அடிச்சுத் தின்னறது காட்டுமிராண்டித்தனம்"னான்.

"நாம காட்டுலதானேப்பா இருக்கோம்?"னு ஒரு கடமான் கேட்டுச்சு.

"அதுக்காக?"னான் தவசி.

கழுத்துல டை இருந்ததால அதுக்கு மேல யாரும் கேக்கல.

அன்னைலேருந்து புதுச் சட்டம். யாரையாவது தின்னணும்னா முதல்ல ஒரு தீர்மானம் போடணும். 'இன்னாரைத் தின்னலாம்'. அதை ஒட்டிப் பேச ஒரு அணி, வெட்டிப் பேச ஒரு அணி. அணிக்கு ரெண்டு பேரு. நடுவர் தவசி. நேரம் பாக்கறதுக்கு மரங்கொத்தி. அது ஒரு கொத்து கொத்தினா முடிக்கப் பாருன்னு அர்த்தம், ரெண்டு கொத்து கொத்தினா வாயை மூடுன்னு அர்த்தம். எல்லாம் பேசி முடிச்சப்புறம் நடுவர் தீர்ப்பு சொல்வாரு. ஒட்டி அணி ஜெயிச்சா தின்னலாம், வெட்டி அணி ஜெயிச்சா விட்டுடணும்.

வெள்ளியங்கிரி இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டாருன்னா, அவருக்குப் பேச்சுல ஒரு ஆசை. அதுவரைக்கும் அவரு வாயைத் திறந்தாலே எல்லாரும் ஓடிடுவாங்க. உக்காந்து கேக்க ஆள் கிடைக்கும்னு தெரிஞ்சதும் சரின்னுட்டாரு. பெரும்பாலும் தின்னலாம்னுதான் தீர்ப்பு வரும். ஆனா நம்ம தரப்பையும் கேட்டுட்டுத்தானே தின்னாங்கன்னு செத்தவன் வீட்டுக்கு ஒரு ஆறுதல்.

சாப்பாட்டு விஷயம் இல்லாத விவாதமும் நடக்கும். சேத்துக்குழி யாருக்கு, விழுந்த பலாப்பழம் யாருக்கு, இப்படி. கொம்பையா எல்லாத்துலயும் போய் நிப்பான், எல்லாத்துலயும் தோத்துட்டு வருவான். பேச ஆரம்பிச்சா தலைப்பை விட்டுட்டுத் தன்னைப் பத்தியே பேசுவான். அதான் வியாதி. "அடுத்த தடவை பாரு"ம்பான் வெளிய வந்து. அவனோட சிநேகிதி அஞ்சலைன்னு ஒரு முள்ளம்பன்னி. "பாக்கறேண்ணே"ம்பா.

இந்த நிலைமையில ஒரு நாள் கொம்பையா ஓடையில தண்ணி குடிச்சுட்டு நிமிர்ந்தா, எதிர்ல வெள்ளியங்கிரி.

"கொம்பையா, சௌக்கியமா?"

"இருக்கேங்கய்யா."

"சாயங்காலம் வேலை ஒண்ணும் இல்லையே? உன்னைப் பத்தி ஒரு தீர்மானம் போடலாம்னு இருக்கேன்."

கொம்பையா கணக்குப் போட்டுப் பாத்தான். வெள்ளியங்கிரி ஒட்டிப் பேசுவாரு, தான் வெட்டிப் பேசணும், தான் பேசி ஜெயிச்ச சரித்திரமே இல்ல. அஞ்சலையக் கூட்டிக்கிட்டு ஆலமரத்தடிக்குப் போனான். காடே கூடியிருந்துச்சு.

தவசி டையைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சான். "ஒரு அறிவிப்பு. நான் மறுபடி காலேஜ் வரைக்கும் போய்ட்டு வந்தேன். இத்தனை நாளா நாம ஒரு தப்பு பண்ணிக்கிட்டிருந்திருக்கோம். யாரு எந்தப் பக்கம் பேசறதுன்னு அவங்கவங்க இஷ்டத்துக்கு விடக் கூடாதாம். காசு சுண்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணணுமாம்."

"அதெப்படி? மனசுல ஒண்ணு இருக்குமே?"ன்னு கடமான் கேட்டுச்சு.

"மனசுல இருக்கறதைப் பேசணும்னா வீட்டுல பேசிக்கோ. இது விவாதம்."

காசு இல்லாததால, 'சொரசொரப்பு மேல வந்தா கொம்பையா ஒட்டி'ன்னு சொல்லிட்டு ஒரு தேக்கு இலையத் தூக்கிப் போட்டான். இலை நிதானமா ஆடி ஆடி வந்து சொரசொரப்பு மேல தெரிய விழுந்துச்சு.

"கொம்பையா அணி, ஒட்டி. வெள்ளியங்கிரி அணி, வெட்டி."

கொம்பையா இலைய மூக்கால புரட்டிப் பாத்தான். "அப்ப, என்னைத் தின்னலாம்னு நானே பேசணுமா?"

"ஆமா."

"தின்னக் கூடாதுன்னு நான் பேசணுமா?"ன்னாரு வெள்ளியங்கிரி. அவரு மூஞ்சியும் நல்லா இல்ல.

"ஆமாங்கய்யா. இன்னொண்ணு. வேணும்னே தோக்கறது தெரிஞ்சா, அந்த ஆளு விரும்பாத தீர்ப்பை அங்கயே எழுதிடுவேன். கொம்பையா வேணும்னே தோத்தா விவாதம் இல்லாமலே தின்னலாம். வெள்ளியங்கிரி ஐயா வேணும்னே தோத்தா இந்தப் பன்னியத் தொடவே கூடாது."

அஞ்சலை கொம்பையா காதுல கிசுகிசுத்தா. "அண்ணே, யோகம் அடிச்சிருக்கு. நாம தோத்தா நீ பொழைச்சே. தோக்கறதுல உன்னை அடிச்சுக்க இந்தக் காட்டுல ஆள் உண்டா? வேணும்னு எதுவும் செய்யாதே. எப்பவும் பேசறாப்புல பேசு."

கொம்பையாவுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. நியாயமான யோசனை. ஆனா 'எப்பவும் பேசறாப்புல'ன்னு சொன்னது லேசாக் குத்துச்சு. இருக்கட்டும், உயிர் முக்கியம்னு எந்திரிச்சுப் போனான்.

ஒட்டி அணியோட முதல் பேச்சாளர்தான் தலைப்புக்கு விளக்கம் சொல்லணும். தீர்மானத்தை நிரூபிக்கிற பொறுப்பும் அந்த அணிக்குத்தான்.

"நடுவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சான். "'தின்னலாம்'னா மென்னு முழுங்கலாம்னு அர்த்தம். வெள்ளியங்கிரி ஐயாவுக்குப் பசிக்குது. பசிச்சா தின்னணும். நான் இங்கதான் இருக்கேன். அதனால தின்னலாம். நன்றி வணக்கம்."

மரங்கொத்தி அப்பத்தான் அலகைத் தீட்டிக்கிட்டிருந்துச்சு. "அதுக்குள்ளயா?"ன்னுச்சு.

கூட்டத்துல யாரும் கை தட்டல. கொம்பையா வந்து உக்காந்தான். அஞ்சலை அவன் முதுகைத் தட்டினா. முள்ளு குத்துனாலும் சந்தோஷமா இருந்துச்சு.

எதிர்ப்பக்கம் வெள்ளியங்கிரிக்குத் துணைப் பேச்சாளர் நரி. பேரு குப்பாண்டி. சிறுத்தை தின்ன மிச்சத்துல காலம் தள்ளுறவன். கொம்பையா பாத்துக்கிட்டே இருக்கான், குப்பாண்டி எழும்பி சிறுத்தை காதுல என்னமோ சொன்னான். வெள்ளியங்கிரி கொம்பையாவ ஒரு பார்வை பாத்துட்டுச் சிரிச்சாரு. அப்புறம் மீசையத் தடவிக்கிட்டு முன்னால வந்தாரு.

"நடுவர் அவர்களே, கொம்பையாவத் தின்னக் கூடாது. ஏன்? இரக்கத்தாலயா? இல்ல. தின்ன அங்க என்ன இருக்கு? தூரத்துலேருந்து பாத்தா மலை மாதிரிதான் தெரியறான். கிட்டப் போனா முக்கால்வாசி சேறு. மழையில ஒரு நாள் நிறுத்தி வைங்க, கரைஞ்சது போக முயல் அளவுதான் மிஞ்சும்."

கூட்டம் சிரிச்சுச்சு. கொம்பையாவோட முதுகு மயிரு சிலிர்த்துக்கிட்டு நின்னுச்சு.

"அண்ணே, உக்காரு"ன்னா அஞ்சலை.

"உக்காந்துதான இருக்கேன்."

"மனசுல எந்திரிக்கற. தெரியுது."

ஒருத்தர் பேசறப்ப குறுக்குக் கேள்வி கேக்கணும்னா, எந்திரிச்சு ஒரு கையத் தலை மேல வெச்சுக்கிட்டு நிக்கணும். அதுவும் தவசி கீழ காலேஜுல பாத்துட்டு வந்ததுதான். கொம்பையா எந்திரிச்சு ஒரு முன்னங்காலத் தலையில வெச்சான். மிச்ச மூணு காலுக்கு அந்தப் பாரம் தாங்காம சாஞ்சு, பக்கத்துல இருந்த கடமான் மேலயே விழுந்தான்.

"குறுக்குக் கேள்வி!"ன்னான் கீழ கிடந்துகிட்டே. "முயல் அளவுங்கறாரே, இப்ப அந்த மானை நசுக்கினது யாரு?"

"கேள்வி நியாயமா இருக்கு"ன்னு கடமான் முனகுச்சு.

வெள்ளியங்கிரி கண்ணுல ஒரு மின்னல் வந்து போச்சு. "காத்தடைச்ச பை விழுந்தாலும் சத்தம் வரும்"னுட்டுப் போய் உக்காந்தாரு.

அடுத்து அஞ்சலை முறை. ரெண்டாவது பேச்சாளர் மறுப்புரை சொல்லணும். எதிரணி சொன்னதை ஒண்ணொண்ணா எடுத்து உடைக்கணும்.

"எதிரணித் தலைவர் சொன்னது அத்தனையும் தப்பு"ன்னா கணீர்னு. "ஏன் தப்புன்னு விளக்கமாச் சொல்ல ஆசைதான். நேரம் இல்ல."

"நேரம் நிறைய இருக்கு"ன்னு மரங்கொத்தி.

"எனக்கு இல்ல. வீட்டுல குட்டிங்க இருக்கு"ன்னுட்டு வந்துட்டா.

நல்லாத் தோத்துக்கிட்டிருந்தாங்க. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்பப் பாத்து குப்பாண்டி எந்திரிச்சான்.

"நடுவர் அவர்களே, நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் எதைத் தின்ன மாட்டேன்னு சொல்லியிருக்கேன்? போன கோடையில செத்து ஊதிப்போன எருமைய ஒரு வாரம் வெச்சுத் தின்னேன். கீழ ரோட்டுல லாரி ஏறின நாயச் சுரண்டித் தின்னேன். காலேஜ் மாணவர் விடுதிச் சாம்பாரையே குடிச்சிருக்கேன்." கூட்டம் 'ச்சூ'ன்னு பரிதாபப்பட்டுச்சு. "அப்படிப்பட்ட நானே சொல்றேன். சிறுத்தை ஐயா இந்தப் பன்னியத் தின்னுட்டு மிச்சம் வெச்சா, நான் தொட மாட்டேன்."

காடே கொம்பையாவத் திரும்பிப் பாத்துச்சு.

கொம்பையா குளம்பால மண்ணைக் கிளறினான். சிறுத்தை கேலி பண்ணலாம். பெரிய இடம். ஆனா இவன்? விடுதிச் சாம்பார் குடிச்சவன்? இவனுக்கு நான் ஆகலையா?

கடைசியா தொகுப்புரை. அணிக்கு ஒருத்தர் எந்திரிச்சு மொத்தத்தையும் கூட்டிச் சொல்லி முடிக்கணும். வெட்டி அணிக்கு வெள்ளியங்கிரி வந்து, "நரியே வேண்டாங்குது, வேற என்ன சொல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டுப் போயிட்டாரு.

"நான் போறேண்ணே"ன்னா அஞ்சலை. "நீ இங்கயே இரு. காதைப் பொத்திக்கோ."

"இல்ல அஞ்சல, நான் போறேன்."

"அண்ணே, உன் கால்ல விழறேன். ஜெயிச்சா செத்துடுவே."

"ஜெயிக்கப் போகல. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்திட்டு வந்துடறேன்."

போனான். நடுவுல நின்னான். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினான்.

"நடுவர் அவர்களே! என் உடம்பு சேறுன்னாங்க. இந்த உடம்பு எதுல வளர்ந்துச்சு தெரியுமா? ஆடி மாசம் முழுக்க அடிவாரத்துச் சோளம். பால் பிடிச்ச கதிரு மட்டும்தான், முத்தினதைத் தொட மாட்டேன். ஐப்பசியில மரவள்ளிக்கிழங்கு. மண்ணுலேருந்து அப்பத் தோண்டினது. கோடையில பலா. மூக்கால தட்டிப் பாத்து, பழுத்ததை மட்டும் உடைப்பேன். எருமைக்குப் புல்லு. மானுக்கும் புல்லு. புல்லைத் தின்னு வந்த கறிக்கும் பலாச்சுளை தின்னு வந்த கறிக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு என்ன நாக்கு?"

கூட்டத்துல ஒரு சலசலப்பு. மரங்கொத்தி ஒரு கொத்து கொத்துச்சு. கொம்பையா காதுல ஏறல.

"நிரூபிக்கிற பொறுப்பு எங்க அணிக்குன்னாங்க. நிரூபிக்கறேன். குப்பாண்டி, வாடா இங்க. தொட மாட்டேன்னியே, தொட வேணாம். இந்தத் தொடைகிட்ட மூக்கை மட்டும் கொண்டா."

குப்பாண்டி தயங்கித் தயங்கி வந்தான். மூக்கைக் கொண்டுபோனான். கண்ணு தானா மூடிக்கிச்சு. வாயோரத்துலேருந்து எச்சில் ஒரு கயிறு மாதிரி இறங்கி, கீழ கிடந்த அதே தேக்கு இலையில சொட்டுச்சு.

"நடுவர் அவர்களே, பாத்துக்கோங்க!"ன்னு கொம்பையா கத்தினான். "எதிரணி சாட்சியோட வாயே எங்க பக்கம் பேசுது! என்னைத் தின்னக் கூடாதுன்னு சொல்றவன் ஒண்ணு பொய் சொல்றான், இல்ல சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன். இந்தக் காட்டுல ஒரே ஒரு ஆளைத்தான் தின்னலாம்னா, அது நான்தான்!"

ரெண்டு கொத்து விழுந்துச்சு. யாருக்குக் கேட்டுச்சு? காடே எந்திரிச்சு நின்னு ஆரவாரம் பண்ணுது. கடமான் அழுதுக்கிட்டே காலைத் தட்டுச்சு. வெளவாலுங்க இன்னும் இருட்டலைன்னும் பாக்காம முழிச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை!"ன்னு கத்துதுங்க.

தவசி கையத் தூக்கினான். "தீர்மானம் நிரூபணம் ஆயிடுச்சு. ஒட்டி அணி வெற்றி. சிறந்த பேச்சாளர், கொம்பையா."

கொம்பையா தலைய நிமிர்த்தினான். வாழ்க்கையில முதல் தடவை. அந்தச் சத்தம் அப்படியே உடம்புக்குள்ள எறங்குச்சு. சேத்துக்குழியில முதல் மழைக்குப் புரண்டாக்கூட அவ்வளவு சுகம் இல்ல. அப்படியே திரும்பி அஞ்சலையப் பாத்தான். அவ தலையில அடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எதுல ஜெயிச்சிருக்கோம்னு.

"ஐயய்யோ"ன்னான்.

வெள்ளியங்கிரி எந்திரிச்சாரு. கூட்டம் வழி விட்டுச்சு. நிதானமா நடந்து வந்தாரு. கொம்பையா கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். காலடிச் சத்தம் கிட்ட வந்துச்சு, பக்கத்துல வந்துச்சு, அவனைத் தாண்டிப் போச்சு. கண்ணத் திறந்து பாத்தா, சிறுத்தை நடுவர் முன்னால நிக்கறாரு.

"இந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்க மாட்டேன்"னாரு.

"ஐயா?"ன்னான் தவசி.

"எனக்கு எத்தனை மார்க்கு?"

"ஐயா, நீங்க தோத்துட்டீங்க. போய்ச் சாப்பிடுங்க."

"அதைக் கேக்கல. சிறந்த பேச்சாளர் பன்னியா? என் 'காத்தடைச்ச பை' உவமைய நீ கணக்குல எடுத்துக்கவே இல்ல. ரெண்டு கொத்து விழுந்தப்புறமும் அவன் பேசினான், அதுக்கு மார்க்கு குறைச்சியா? சாட்சிய மோந்து பாக்கச் சொல்லலாம்னு எந்த விதியில இருக்கு?"

குப்பாண்டி ஓடி வந்து, நடுவருக்குக் கேக்காம கிசுகிசுத்தான். "ஐயா, ஐயா, நாம போட்ட திட்டமே தோக்கறதுதானுங்க! அவனை உசுப்பி விட்டா அவனே ஜெயிச்சுக் குடுத்துடுவான்னு சொன்னேன்ல? நடந்துடுச்சு. வாங்க, தின்னுட்டுப் பேசிக்கலாம்."

"திட்டம் போட்டப்ப கூட்டம் அவனுக்கு இப்படி ஆரவாரம் பண்ணும்னு நினைக்கல"ன்னு அவரும் கிசுகிசுத்தாரு. அப்புறம் சத்தமா, "வெளவாலெல்லாம் முழிச்சு உக்காந்து பாக்குது. இப்ப நான் அவனைத் தின்னா என்ன அர்த்தம்? தோத்தேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். தின்ன மாட்டேன். தீர்ப்பை மாத்தற வரைக்கும் இந்த ஆலமரத்தடிக்கே வர மாட்டேன்."

வால விறைப்பா வெச்சுக்கிட்டு நடந்துட்டாரு. அஞ்சலை கொம்பையாவ வாலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடினா.

இங்க கதைய முடிச்சிருந்தா எல்லாருக்கும் நல்லது. பன்னி பொழைச்சான். சிறுத்தை ஆலமரத்தடிக்கு வராததால புதுத் தீர்மானம் இல்ல, தீர்மானம் இல்லாம யாரையும் தொட முடியாது. வெள்ளியங்கிரி பாறை மேல உக்காந்து, சட்டத்துல சேராத ஓடை நண்டைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு, போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம், "அன்னைக்கு நடுவர் பாரபட்சம். நியாயமாப் பாத்தா நான்தான் ஜெயிச்சேன். பன்னி என்ன பேசினான்? சோளம், கிழங்குன்னு மெனு வாசிச்சான்"னு சொல்லிக்கிட்டிருந்தாரு.

இது கொம்பையா காதுக்கு வந்துச்சு.

"மெனுவா?"ன்னான்.

"சொல்லிட்டுப் போகட்டும்ணே. உயிரோட இருக்கோம்ல"ன்னா அஞ்சலை.

"என் வாழ்க்கையிலயே ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கேன் அஞ்சல. அதையும் இல்லேங்கறான்."

"அவரு ஒத்துக்கிட்டா உன்னைத் தின்னுடுவாருண்ணே!"

"அது வேற விஷயம்."

மறுநாளே பாறைக்குக் கீழ போய் நின்னான். "வெள்ளியங்கிரி ஐயா! நான் ஜெயிச்சேனா இல்லையா?"

"இல்ல. போடா."

அதுக்கு மறுநாளும் போனான். அப்புறம் தினமும் அதே பொழப்பாப் போச்சு. காலையில எந்திரிச்சா சோளத்துக்குக்கூடப் போறதில்ல, நேரா பாறைக்குத்தான். அன்னைக்குப் பேசினதை மறுபடி முழுசாப் பேசிக் காட்டுவான். புதுசா ரெண்டு ஆதாரம் சேத்துப்பான். தொடையத் தட்டிக் காட்டுவான். மேல நண்டை மென்னுக்கிட்டிருக்கற சிறுத்தைக்கு, கண்ணு அங்கயே நிக்கும். வயிறு கத்தும். ரோஷம் அதை விட சத்தமாக் கத்தும். "இல்ல"ம்பாரு. எலும்பும் தோலுமா ஆயிட்டாரு மனுஷன்.

அஞ்சலை கெஞ்சிப் பாத்தா, திட்டிப் பாத்தா. கடைசியா ஒரு நாள், "நீ போறதுன்னா போ, நான் வர மாட்டேன்"னு வீட்டுலயே நின்னுட்டா.

அன்னைக்குக் கொம்பையா போனப்ப சிறுத்தை பாறை மேல இல்ல. கீழ எறங்கி, அடியில உக்காந்திருந்தாரு. ஓடையில நண்டு தீந்துபோச்சு.

"கொம்பையா, வாப்பா"ன்னாரு. குரல் மெல்லிசா இருந்துச்சு. "நேத்து முழுக்க உக்காந்து யோசிச்சேன். அந்தப் புல்லு, பலாச்சுளை வித்தியாசம் சொன்னே பாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

கொம்பையா ஒரு அடி முன்னால வெச்சான். "அப்படின்னா?"

"நீதான்யா ஜெயிச்சே."

"ஐயா..." கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது. "சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"கிட்ட வா. சொல்றேன்."

போனான்.

மறுநாள் ஆலமரத்தடியில இரங்கல் கூட்டம். தவசி டையைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னான். கடமான் விக்கி விக்கி அழுதுச்சு. அஞ்சலை ஒரு ஓரமா முள்ளை மடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. கடைசியா குப்பாண்டி வாயைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சான். தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"அன்னைக்கு நான் வெட்டிப் பேசினேன். தப்பு. கொம்பையா சொன்னதுல ஒரு வார்த்தைகூட மிகை இல்ல"ன்னான். "அதுவும் அந்தத் தொடை!"

*

நீதி: எதிராளி 'நீ சொன்னதுதான் சரி'ன்னு ஒத்துக்கிட்டா ஓடிப் போயிடணும், அவனுக்கு அறிவு வரல, பசி வந்துடுச்சு.